குசினியும் கொல்லையும்: சென்னை மாகாண ஆங்கிலேயர் இல்லங்களின் உணவும் தோட்டமும்

தமிழகத்தில் வாழ்ந்த ஐரோப்பியரைப் பற்றித் தமிழில் எழுந்துள்ள ஆய்வுகள் பெரும்பாலும் அச்சுக்கூடம், அகராதி, சமயப் பணி, நிலவரி, கல்விக் கொள்கை ஆகியவற்றைச் சுற்றியே அமைந்துள்ளன. பொது வாழ்வை விட்டு வீடு திரும்பிய பின் அவர்கள் எதை உண்டனர், அதைச் சமைத்தவர் யார், கொல்லையில் என்ன விளைந்தது என்னும் வினாக்கள் சில்லறைச் செய்திகளாகவே கருதப்பட்டு வந்துள்ளன. ஆயினும் தமிழ்ச் சொற்கள் பல ஆங்கிலத்துள் நுழைந்த வழி கல்லூரி அன்று, குசினியே. தமிழ்ச் சந்தையில் இன்று அன்றாடப் பொருளாகிவிட்ட காய்கறிகள் சில இம்மண்ணில் பரவியதும் அயல்நாட்டார் தம் வீட்டு உணவை நாடிய வேட்கையினால்தான். அந்த அடுக்களையில் நின்றவர்களின் பெயர்கள் எவ்வாறு மறைந்தன என்பதும் இவற்றோடு சேர்த்துக் காண வேண்டிய செய்தியாகும்.

தோட்ட வீடுகள்

1639இல் புனித ஜார்ஜ் கோட்டைக்கு இடம் பெற்ற ஆங்கிலேய வணிகர், நெடுங்காலம் கோட்டைக்குள்ளும் அதன் அண்மையிலும் நெருக்கமாகவே வாழ்ந்தனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் பிரெஞ்சுக்காரர், ஐதர் அலி ஆகியோரின் படையெடுப்பு அச்சம் நீங்கத் தொடங்கியதும், செல்வம் சேர்த்த அலுவலரும் வணிகரும் மேற்கே மவுண்ட் ரோட்டின் இரு மருங்கிலும் பரந்த நிலங்களைப் பெற்று வீடு கட்டினர். நடுவே வெண்சுண்ணச் சாந்து பூசிய மாளிகை, சுற்றிலும் மரமும் புல்வெளியும், பின்புறத்தில் கிணறு, குதிரை லாயம், சமையற்கூடம், ஏவலர் குடியிருப்பு என்பது இவற்றின் பொது அமைப்பு. தோட்ட வீடு என்றே இவை வழங்கின. பைகிராப்ட்ஸ் தோட்டம், மெக்கே தோட்டம் முதலான சென்னைத் தெருப்பெயர்களில் அந்த வழக்கு இன்றும் எஞ்சியிருக்கிறது. தோட்டம் போய்ப் பெயர் மட்டும் நின்றது வேறு செய்தி.

இத்தகைய இல்லத்தின் ஏவலர் தொகை இன்று வியப்பூட்டும். 1836 முதல் 1839 வரை மாகாணத்தில் வாழ்ந்து, தம் கடிதங்களை 1843இல் பெயர் குறிப்பிடாமல் நூலாக வெளியிட்ட ஜூலியா மெய்ட்லண்ட், தம் வீட்டுப் பணியாளரை எண்ணிப் பட்டியலிட்டுள்ளார். பட்லர், மேட்டி என்னும் துணைப் பணியாளர், ஆயாக்கள், சமையற்காரர், தோட்டக்காரர் இருவர், பல்லக்குத் தூக்குவோர் அறுவர், குதிரைக்காரர், புல்லறுப்போர், கோழி வளர்ப்பவர், நாய்க்கென ஒரு பையன் என அது நீண்டு 27இல் முடிகிறது. கணவர் மாவட்ட நீதிபதி. பெருஞ்செல்வக் குடும்பம் அன்று. ஒவ்வொரு சாதிக்கும் ஒவ்வொரு தொழிலே உரியது என்ற கட்டுப்பாட்டினால் ஒருவர் செய்யும் வேலையை மற்றொருவர் தொடமாட்டார் என்பதே இத்தொகைக்கு ஆங்கிலேயர் வழக்கமாகக் கூறும் காரணம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. கூலி மிகக் குறைவாக இருந்ததும் ஏவலர் எண்ணிக்கையே தகுதியின் அளவுகோலாக இருந்ததும் அவர்களால் அவ்வளவு எளிதில் சொல்லப்படுவதில்லை.

அப்பட்டியலில் 'டன்னிகட்ச்சி' என்னும் சொல் ஒன்று உண்டு. தண்ணீர் சுமந்து பாத்திரம் துலக்கும் பெண்ணைக் குறிக்கும் தமிழ்ச் சொல்லின் திரிபு அது. யூல், பர்னல் இருவரும் தொகுத்து 1886இல் வெளிவந்த 'ஆப்சன் ஜாப்சன்' என்னும் ஆங்கிலோ இந்தியச் சொல்லகராதியிலும் இச்சொல் இடம்பெற்றுள்ளது. தஞ்சையில் நீதிபதியாகப் பணியாற்றி வடமொழி ஏடுகளை ஆராய்ந்த பர்னல், தம் வீட்டுப் பின்கட்டில் வழங்கிய சொல்லையும் அகராதிக்குரியதாகவே மதித்தார். பெருஞ்சொற்களை மட்டும் தொகுப்பவர் இதைக் கண்டிருக்க மாட்டார்.

மிளகுத் தண்ணீரின் பயணம்

ஆங்கிலேயர் வீட்டுச் சமையற்கூடத்திற்குத் தமிழர் வழங்கிய பெயர் குசினி. அது போர்த்துக்கீசியர் விட்டுச் சென்ற சொல். ஆயா, அலமாரி, மேசை, கோப்பை ஆகியனவும் அம்மொழி வழியே வந்தனவாகக் கூறுவர். ஆகவே ஆங்கிலேயர் இங்கே வந்தபோது, ஐரோப்பிய உணவு சமைக்கும் தொழிலும் அதற்குரிய சொற்களும் முன்னரே ஓரளவு உருவாகியிருந்தன. அடுக்களை என்பது தமிழர் வீட்டின் உள்ளிடம். குசினி என்பது துரை வீட்டின் புறத்தே நின்ற கட்டடம். இரு சொல்லும் ஒரே இடத்தைக் குறித்தாலும் தமிழர் அவற்றைக் கலந்து வழங்காமையில் ஒரு பொருத்தம் இருந்தது.

இக்குசினியில் பிறந்து உலகெங்கும் சென்ற உணவு மிளகுத் தண்ணீர். தமிழர் அதைச் சோற்றில் பிசைந்துண்ணும் மெல்லிய சாறாகவும், உடல்நலம் குன்றியபோது பருகும் மருந்தாகவும் கொண்டனர். ஆங்கிலேயர் விருந்து சூப்பில் தொடங்கும் மரபுடையது. தமிழ்ச் சமையலில் சூப் என்று தனியே ஒன்று இல்லை. ஆகவே சமையற்காரர் தாம் அறிந்தவற்றுள் அதற்கு நெருங்கிய ஒன்றை எடுத்து, அதில் இறைச்சிச் சாறும் கோழித் துண்டும் வெங்காயமும் சேர்த்து மேசைக்கு அனுப்பினார். அது 'முல்லிகாட்டானி' ஆயிற்று. வங்காளத்திலும் பம்பாயிலும் பணிபுரிந்த ஆங்கிலேயர், சென்னை மாகாணத்து ஆங்கிலேயரை இவ்வுணவின் பெயரைச் சுருக்கி 'மல்' என்று கேலியாக அழைக்கும் அளவிற்கு அது அவர்களின் அடையாளமாயிற்று. ஓய்வு பெற்றுத் திரும்பியோருடன் அது இங்கிலாந்து சென்றது. 1845இல் வெளிவந்த எலைசா ஆக்டனின் சமையல் நூலிலும் 1861இல் வெளிவந்த பீட்டன் அம்மையாரின் இல்லற நூலிலும் அதன் செய்முறை இடம்பெற்றது. ஒரு தமிழ்ச் சொல், எந்தப் புலவர் துணையும் இன்றி, இங்கிலாந்தின் நடுத்தர வீட்டு மேசையை அடைந்த வரலாறு இது.

கறிப்பொடியின் வரலாறும் இதனோடு ஒத்தது. தமிழர் வீட்டில் மசாலை அன்றன்று அம்மியில் அரைக்கப்படுவது. குழம்புக்குக் குழம்பு சேர்மானம் மாறுவது. ஓரிடத்திலும் நிலைத்து வாழாத படை அலுவலருக்கு அது ஒத்துவரவில்லை. எல்லாவற்றிற்கும் பொதுவான ஒரு பொடியை மொத்தமாக இடித்துப் புட்டியில் அடைத்துக் கொண்டனர். கறி என்னும் சொல்லும் அவ்வாறே தன் பல பொருள்களை இழந்து ஒரே உணவின் பெயராகச் சுருங்கியது.

வைவர்ன் கண்ட 'இராமசாமி'

இத்துறையில் சென்னை தந்த தலைசிறந்த நூல் 'சென்னைக்கான சமையற் குறிப்புகள்' எனப் பொருள்படும் தலைப்புடன் 1878இல் ஹிக்கின்பாதம்ஸ் வெளியிட்டதாகும். ஆசிரியர் ஆர்தர் ராபர்ட் கென்னி ஹெர்பர்ட். 1859இல் சென்னைக் குதிரைப்படையில் இளம் அலுவலராகச் சேர்ந்து, 1892இல் கர்னலாக ஓய்வு பெற்றவர். 'வைவர்ன்' என்னும் புனைபெயரில் சென்னைச் செய்தித்தாளில் எழுதிய கட்டுரைகளே நூலாயின. 1885க்குள் அது ஐந்தாம் பதிப்பைக் கண்டது. ஓய்வுக்குப் பின் இலண்டனில் சமையல் கற்பிக்கும் சங்கம் ஒன்றையும் அவர் நிறுவினார்.

அவருடைய நோக்கம் தெளிவானது. பழைய தலைமுறை ஆங்கிலேயர் கறியையும் சோற்றையும் விருந்தின் தலைமை உணவாகக் கொண்டிருந்தனர். 1869இல் சூயசுக் கால்வாய் திறந்தது, பயணம் குறுகியது, ஆங்கிலேயப் பெண்டிர் வருகை மிகுந்தது. கறி விருந்து மேசையிலிருந்து விலக்கப்பட்டுக் காலை உணவிற்கும் பகல் உணவிற்கும் ஒதுக்கப்பட்டது. அதனிடத்தைப் பிரெஞ்சு முறை உணவுகள் பிடித்தன. இம்மாற்றத்தை வைவர்ன் வரவேற்றவரே. ஆயினும் நல்ல கறி செய்யும் கலை மறைந்து வருவதை வருந்திக் குறிப்பிட்டு, அதற்கு நீண்டதோர் இயலே ஒதுக்கினார். பெருமைக்காகத் தகரப் புட்டிகளில் வந்த சீமைக் காய்கறிகளையும் மீனையும் விருந்தில் படைக்கும் வழக்கத்தை அவர் கடுமையாகச் சாடினார். வாசலில் புதிதாகக் கிடைக்கும் மீனும் கத்தரியும் வெண்டையும் முருங்கையும் இருக்க, பல மாதம் தகரத்தில் கிடந்த பண்டத்தை விலை கொடுத்து வாங்குவானேன் என்பது அவர் வாதத்தின் சாரம். இவ்வளவு தெளிவுடையவரிடமும் ஒரு குருடு இருந்தது.

அந்நூல் முழுவதும் சமையற்காரர் 'இராமசாமி' என்றே குறிக்கப்படுகிறார். அது ஒருவர் பெயரன்று. தமிழ்ச் சமையற்காரர் அனைவருக்கும் இட்ட பொதுப்பெயர். அவரோடு நட்பாகப் பழக வேண்டும் என்றும், திறமையைப் பாராட்ட வேண்டும் என்றும் வைவர்ன் அறிவுறுத்துவது உண்மையே. வீட்டிலிருந்து தொலைவில், புகை படிந்து, காற்றும் ஒளியும் இல்லாத குசினிகளைக் கட்டிக் கொடுத்துவிட்டுத் தூய்மை இல்லை எனக் குறை கூறும் துரைமாரை அவர் கண்டித்ததும் நேர்மையானது. செங்கல் அடுப்பு, கரி, சில பாத்திரங்கள் ஆகியவற்றை மட்டும் கொண்டு பல வகை உணவுடைய விருந்தை ஆக்கும் அவர்களின் ஆற்றல் அவருக்கு வியப்பளித்தது. ஆயினும் 33 ஆண்டுப் பணிக்காலத்தில் அவருக்குச் சமைத்து, அவர் செய்முறைகளைச் செயலாக்கிக் காட்டியவர்கள் தத்தம் பெயருடன் நூலுக்குள் வரவில்லை.

அந்நூல் வெளிவந்த ஆண்டையும் மறத்தல் கூடாது. 1876 முதல் 1878 வரை மாகாணத்தை அழித்த பெரும்பஞ்சத்தின் இறுதியில் அது வெளிவந்தது. நிவாரணப் பணியிடங்களில் உழைத்த வளர்ந்த ஆண் ஒருவருக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் போதும் எனச் சர் ரிச்சர்டு டெம்பிள் விதித்ததும் 1877இல்தான். அப்பஞ்சத்தைப் பற்றி வில்லியம் டிக்பி எழுதிய நூலும் அதே 1878இல் வெளிவந்தது. இரு நூலையும் எழுதியோர் இருவரும் சென்னைச் செய்தித்தாள் உலகோடு தொடர்புடையவர்கள். சமையல் நூலில் பஞ்சத்தைத் தேடுவது முறையன்று எனக் கூறலாம். ஆனால் அந்நூலின் சமையற்காரரும் அவர்தம் ஊராரும் எத்தகைய காலத்தில் வாழ்ந்தனர் என்பதை அறியாமல் அதைப் படிப்பதும் முறையாகாது.

பட்லர் பேசிய மொழி

துரைக்கும் சமையற்காரருக்கும் இடையே உருவான கலப்பு மொழி 'பட்லர் இங்கிலீஷ்' எனப் பெயர் பெற்றது. தமிழில் இன்று அது பழிச்சொல். வினைச்சொல்லின் ஒரே வடிவத்தை எதிர்காலத்திற்கும், முடிந்த செயலைக் குறிக்க ஒரு துணைச்சொல்லையும் பயன்படுத்தும் ஒழுங்கு அதற்கு இருந்ததை 'ஆப்சன் ஜாப்சன்' தொகுப்பாளர் கண்டு குறித்தனர். ஹூகோ ஷூகார்ட் என்னும் மொழியியலறிஞர் 1891இல் இந்திய ஆங்கில வகைகளை ஆராய்ந்தபோது இதனையும் எடுத்துக் கொண்டார். கலப்பு மொழிகளின் ஆய்வுக்கு அடித்தளமிட்டவருள் ஒருவரின் கவனத்தை ஈர்த்த ஒன்றைக் கொச்சை எனத் தள்ளிவிட முடியாது. அம்மொழியை ஆக்கியதில் துரைக்கும் பங்குண்டு. பழி மட்டும் பட்லரைச் சேர்ந்தது.

சென்னையில் ஆங்கிலேயர் இல்லங்களில் பணியாற்றியோருள் பெரும்பகுதியினர் பறையர் சமூகத்தைச் சேர்ந்தவர்கள். மாட்டிறைச்சியையும் பன்றி இறைச்சியையும் தொட மறுக்கும் சாதியார் அவ்வேலைக்கு வரவில்லை. ஊரில் கிணற்றை அணுகவும் உரிமையற்றிருந்தோருக்கு இவ்வேலை கூலியையும் நகர வாழ்வையும் சில சமயங்களில் கல்வியையும் தந்தது. பெரும் அவமதிப்புகளும் அதில் இருந்தன. இரண்டையும் ஒருங்கே கருதினாலன்றி அக்காலச் சமூக மாற்றம் விளங்காது.

இதற்குத் தமிழறிஞர் நன்கறிந்த சான்று ஒன்று உண்டு. அயோத்திதாசரின் பாட்டனார் கந்தப்பன், ஆரிங்டன் என்னும் துரையிடம் பட்லராக இருந்தவர். தம்மிடமிருந்த திருக்குறள், நாலடி நானூறு ஆகியவற்றின் ஏடுகளை அத்துரையின் வழியே எல்லிஸிடம் அவர் அளித்ததாக அயோத்திதாசர் பதிவு செய்துள்ளார். எல்லிஸ் 1812இல் புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரியை உருவாக்குவதில் முன்னின்றவர்; குறளில் ஆழ்ந்த ஈடுபாடுடையவர். அதே 1812இல் திருக்குறள் மூலபாடமும் நாலடி நானூறும் ஒருங்கே அச்சேறின. கந்தப்பன் தந்த ஏடுகளுக்கும் அப்பதிப்பிற்கும் உள்ள உறவு தனியே ஆராய்தற்குரியது. ஆனால் துரை வீட்டுப் பட்லரின் இல்லத்தில் குறள் ஏடு போற்றப்பட்டிருந்தது என்பதே, 'இராமசாமி' என்னும் பொதுப்பெயருக்குள் அடங்காத மனிதர் அங்கே இருந்தனர் என்பதைக் காட்டப் போதுமானது. கந்தப்பன் பெயர் நமக்குக் கிடைப்பது பேரன் எழுதியதால். எழுதும் பேரனைப் பெறாத பட்லர்கள் எத்தனையோ பேர்.

விதை, மழை, ஏற்றம்

உணவு வேட்கை தோட்டத்திற்கு இட்டுச் சென்றது. ஐதராபாத் நிசாம் படையில் மருத்துவராயிருந்த ரிடெல், இந்திய இல்லப் பொருளாட்சியும் சமையலும் பற்றி ஒரு நூலும், மேற்கிந்தியத் தோட்டக்கலை பற்றி மற்றொரு நூலும் எழுதினார். ஒருவரே இரண்டையும் எழுதியது தற்செயலன்று. சந்தையில் கிடைக்காததைத் தாமே விளைவித்தாக வேண்டிய நிலையில் சமையல் நூலின் மறுபாதி தோட்ட நூலாகத்தான் இருக்க முடியும். வங்காளத்தில் சமயகுருவாயிருந்த ஃபர்மிஞ்சர் 1860களின் முற்பகுதியில் வெளியிட்ட தோட்டக்கலைக் கையேடு வடபுலத்தில் அவ்வகையில் புகழ் பெற்றது. ஃபுளோரா ஆனி ஸ்டீல், கிரேஸ் கார்டினர் இருவரும் 1880களின் இறுதியில் வெளியிட்ட இல்லற நூலும் தோட்டத்தை இல்லத்தரசியின் கடமைகளுள் ஒன்றாகவே வைத்தது.

சென்னைச் சமவெளியில் சீமைக் காய்கறி விளைவிப்பது எளிதன்று. முதல் இடர் விதை. இங்கிலாந்திலிருந்து மாதக்கணக்கில் கப்பலில் வந்த விதை ஈரத்தினால் முளைப்புத் திறனை இழந்தது. இரண்டாவது இடர் பருவம். இங்கிலாந்தில் வசந்தம் விதைப்புக் காலம். சென்னையில் அது அனல் தொடங்கும் காலம். ஐப்பசி, கார்த்திகை மழையை ஒட்டி நாற்றுவிட்டு, தை மாசிக்குள் பறித்துவிடாவிட்டால் பங்குனி வெயிலில் எல்லாம் கருகும். நூலில் படித்த நாட்காட்டியைத் தலைகீழாக்கிக் கொள்ளவே புதிதாக வந்தவருக்குச் சில ஆண்டுகள் ஆயின. அதற்குள் இடமாற்ற ஆணை வந்துவிடும். ஒருவர் விதைத்ததை மற்றொருவர் அறுப்பது தோட்ட வீடுகளின் இயல்பாகவே இருந்தது.

அவர் போன பின்னும் அங்கேயே நின்றவர் தோட்டக்காரர். எந்த மூலையில் மண் நல்லது, எந்த மாதத்தில் கிணற்று நீர் உவர்க்கும் என்பவை அவருக்கே தெரியும். ஏற்றம் இறைத்துப் பாத்திக்கு நீர் பாய்ச்சும் முறை முழுவதும் தமிழ் உழவருடையது. அவ்வேற்றத்தை ஆங்கிலேயர் போர்த்துக்கீசிய வழிப்பட்ட 'பிக்கோட்டா' என்னும் பெயரால் குறித்தனர். தோட்டக்கலை நூல்கள் விதை, எரு, நிழல் பற்றி விரித்துரைக்கின்றன. நீர் இறைப்பவரைப் பற்றி அவை அதிகம் பேசுவதில்லை.

விளையாதவற்றிற்கு மாற்றுத் தேடியதில்தான் அவர்களின் அடுக்களை அறிவு சிறந்து விளங்கியது. வறுத்த மாட்டிறைச்சியுடன் உண்ணும் காரக்கிழங்குக்கு ஈடாக முருங்கை வேரைத் துருவிக் கொண்டனர். முருங்கைக்கு ஆங்கிலத்தில் அக்கிழங்கின் பெயரால் ஒரு பெயர் வழங்குவதற்கு இதுவே காரணம். புளிச்சைக்கீரை இனத்துச் செடியின் சிவந்த புல்லிவட்டம் சீமைப் பழக் களிக்கு மாற்றாயிற்று. மாங்காயை வேகவைத்துப் பாலும் சர்க்கரையும் கலந்து, ஊரில் நெல்லிப் பழ வகையொன்றில் செய்யும் இனிப்பை நினைவூட்டிக் கொண்டனர். ரொட்டி மாவைப் புளிக்கவைக்கப் பனங்கள்ளும் தென்னங்கள்ளும் உதவின. இறைச்சியை மென்மையாக்கப் பப்பாளிக் காயின் பால் பயன்பட்டது. இவை எல்லாம் 'வீட்டுச் சாப்பாடு' என்றே மேசைக்குச் சென்றன. அவற்றுள் எது இங்கிலாந்து, எது தமிழகம் எனப் பிரித்தறிதல் அரிது.

தனியார் முயற்சி போதாமையால் கூட்டு முயற்சிகள் தோன்றின. 1835இல் மருத்துவரும் தாவரவியலறிஞருமான இராபர்ட் வைட் முன்னின்று சென்னை வேளாண் தோட்டக்கலைச் சங்கத்தை உருவாக்கினார். கதீட்ரல் சாலையில் அமைந்த அதன் தோட்டம் விதைகளும் நாற்றுகளும் வழங்கியது.

மலை மேல் ஒரு சீமை

சமவெளியில் இயலாதது நீலகிரியில் இயன்றது. கோயம்புத்தூர் மாவட்ட ஆட்சியர் ஜான் சல்லிவன் 1819இல் மலையேறினார். 1822இல் உதகையில் கல்வீடு கட்டத் தொடங்கினார். அவர் கொண்டுவந்து பயிரிட்டவற்றுள் உருளைக்கிழங்கும் முட்டைக்கோசும் வாற்கோதுமையும் பழமரங்களும் அடங்கும். இங்கிலாந்திலிருந்து ஒரு தோட்டக்காரரையே அவர் வரவழைத்தார். மலைக்குரிய தோதவரின் நில உரிமையை வற்புறுத்தி அரசோடு வாதிட்டவரும் அவரே. அவர் தொடங்கிய குடியேற்றமே பின்னர் அவ்வுரிமையைக் குறுக்கியது என்பது வரலாற்றின் முரண்.

உதகை அரசு தாவரவியற் பூங்காவை இன்று மலர்க்காட்சியோடு மட்டும் தொடர்புபடுத்துகின்றனர். அதன் தொடக்கம் காய்கறித் தோட்டம். 1845இல் அங்கு வாழ்ந்த ஐரோப்பியர் மாதம் 3 ரூபாய் சந்தா செலுத்தி, அதற்கு ஈடாகக் காய்கறி பெறும் ஏற்பாடு ஒன்றைச் செய்தனர். அது நீடிக்கவில்லை. அவ்விடத்தைப் பொதுத் தோட்டமாக்கும் முயற்சி ஆளுநர் ட்வீடேல் ஆதரவில் தொடங்கியது. 1848இல் கியூ தோட்டத்திலிருந்து வந்த வில்லியம் கிரகாம் மெக்கைவர் அதனை உருவாக்கினார். மூன்று ரூபாய்க் கோசும் கிழங்கும் இல்லையேல் அப்பூங்கா அங்கே அமைந்திருக்குமா என்பது ஐயமே.

ஊர் நினைவில் நட்டவை அனைத்தும் பாத்திக்குள் அடங்கி நிற்கவில்லை. மஞ்சட்பூப் பூக்கும் ஐரோப்பிய முட்புதர்கள் வேலிக்கும் காட்சிக்கும் நடப்பட்டுப் புல்வெளிகளில் பரவின. 1840களில் வந்த தைல மரமும் வாட்டில் மரமும் விறகுத் தேவையைத் தீர்த்தன. தோதவர் எருமை மேய்த்த புல்வெளிகளையும் சுருக்கின. 

சீமைக் காய்கறியைத் தமக்கெனக் கொண்டு பயன்பெற்றோர் படுகர். பத்தொன்பதாம் நூற்றாண்டின் போக்கில் உருளைக்கிழங்கு அவர்களின் முதன்மையான பணப்பயிர்களுள் ஒன்றாயிற்று. 1873இல் மேட்டுப்பாளையம் வரை இருப்புப்பாதை வந்தது. மலையின் விளைச்சல் சமவெளிச் சந்தையை எளிதில் அடைந்தது. பெங்களூரு 1864 முதல் இருப்புப்பாதையால் சென்னையோடு இணைந்தது. அங்கே பாளையத்திற்குக் காய்கறி விளைவித்தவருள் தமிழ் மரபினரான திகளர் சிறப்பிடம் பெற்றனர். இவ்வாறு துரை தனக்கென நட்டது, ஐம்பது அறுபது ஆண்டுகளில் உள்ளூர் உழவரின் பிழைப்பாயிற்று.

சீமையும் நாடும்

இம்மாற்றத்தின் தடம் சொற்களில் தெளிவாகப் படிந்துள்ளது. சீமை என்பது எல்லை என்னும் பொருளிலிருந்து நிலப்பகுதியைக் குறித்தது. சிவகங்கைச் சீமை என்னும் வழக்கு காண்க. பின்னர் அது இங்கிலாந்தையே குறிக்கலாயிற்று. சீமையெண்ணெய், சீமைச்சுண்ணாம்பு, சீமைச்சாராயம், சீமைக்கத்தரி என அடைமொழியாகப் பெருகியது. சீமைக்கத்தரியே பெங்களூர்க் கத்தரிக்காய் என்றும் சௌசௌ என்றும் வழங்குகிறது. எந்த வழியாகச் சந்தைக்கு வந்தது என்பதை ஒரு பெயர் தானே சொல்லிவிடுகிறது. நூல்கோல் இன்னும் சுவையானது. டச்சு மொழிச் சொல் ஒன்று ஆங்கிலோ இந்திய வழக்கின் வழியே வந்து, நூலும் கோலும் சேர்ந்த தூய தமிழ்த் தொகை போலத் தோற்றம் கொண்டுவிட்டது. உருளைக்கிழங்கு மட்டும் அயற்சொல் ஏற்காமல் தமிழிலேயே பெயர் பெற்றது.

சீமைக்கு எதிர்ச்சொல் நாடு. ஆங்கிலேயர் உள்ளூர்ப் பொருளைக் குறிக்க வழங்கிய அடைமொழியும் நாட்டுப்புறத்தைக் குறிப்பதே. அதில் தரக்குறைவு என்னும் தொனி உண்டு என அகராதி கூறுகிறது. தமிழிலும் அத்தொனி சில காலம் இருந்தது. இன்று நாட்டுக்கோழிக்கும் நாட்டுச்சர்க்கரைக்கும் விலை அதிகம்.

அயல்நாட்டில் வீட்டுணவைத் தேடியவர் ஆங்கிலேயர் மட்டுமல்லர். 1860இல் 'துரூரோ' என்னும் கப்பல் சென்னைத் துறைமுகத்திலிருந்து ஒப்பந்தத் தொழிலாளரை ஏற்றிக்கொண்டு நவம்பர் 16ஆம் நாள் தர்பனை அடைந்தது. அரிசியும் பருப்பும் அளந்து தரப்பட்டன. காய்கறியை அவர்களே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. ஒப்பந்தம் முடிந்தோர் சிறு நிலங்களைக் குத்தகைக்கு எடுத்துத் தோட்டம் வைத்தனர். சில பத்தாண்டுகளில் தர்பன் நகர வெள்ளையர் வீடுகளுக்கு வாசல்தோறும் காய்கறி கொண்டு சென்றவர்கள் அவர்களே. சென்னைத் துரை சென்ற இடத்தில் தனக்குத் தோட்டம் வைக்கத் தமிழரை அமர்த்தினார். தர்பன் சென்ற தமிழர் தமக்கும் துரைக்கும் சேர்த்துத் தாமே தோட்டம் வைத்தார். அவர்களுக்குக் கையேடு எழுதுவாரும் இல்லை, தேவையும் இல்லை. ஆகவே அவர்களின் சமையலையும் தோட்டத்தையும் பற்றி நாம் அறிவது, விசாரணைக் குழுவின் அறிக்கை போன்ற பிறர் எழுத்துகளின் ஓரங்களிலிருந்தே.

கதீட்ரல் சாலைத் தோட்டத்தின் ஒரு பகுதியில் 1962 முதல் 2008 வரை உட்லண்ட்ஸ் டிரைவ் இன் உணவகம் நடந்தது. துரைமாருக்குச் சீமை விதை வழங்கிய மண்ணில் தோசையும் காப்பியும் விற்கப்பட்டன. அவ்விடத்தில் 2010 நவம்பர் 24ஆம் நாள் செம்மொழிப் பூங்கா திறக்கப்பட்டது.